இரத்தப்பழி யார்மேல்?



2023 ஏப்ரல் 20 ஆம் நாள் நீர்கொழும்பு வீதியோரத்தில் நின்ற உங்களில் பலருக்கு அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கும். கொழும்பையும் கட்டுவாப்பிட்டியையும் இணைக்கும் வீதியில், கையோடு கை சேர்த்து, வெயிலென்றும் பாராமல் ஆயிரக்கணக்கானோர் வரிசையாய் நின்றார்கள். வயோதிபர் நின்றார்கள், கைக்குழந்தையோடு தாய்மார் நின்றார்கள். அவர்கள் கேட்டது நிவாரணமன்று. நான்கு ஆண்டுகளாகக் கேட்டு வந்த ஒரே கேள்வியைத்தான் அன்றும் கேட்டார்கள்: இதைச் செய்தது யார்?

கேள்வி சிறியது. ஆனால் இதற்கு நமது வீடுகளில் எத்தனை விடைகள்! பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது ஒருவர், “சஹ்ரான்தான், வேறு யார்?” என்பார். அடுத்தவர், “அவன் வெறும் கருவி, பின்னால் ஐ.எஸ். இருந்தது” என்பார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, “தேர்தலில் வென்றது யாரென்று பாருங்கள், விடை தெரியும்” என்பார். நாலாமவர், “எச்சரிக்கை கையில் இருந்தும் தூங்கினார்களே, அவர்கள்தான் கொலைகாரர்” என்பார். ஐந்தாமவர் ஒரு சமூகத்தையே சுட்டிவிட்டுப் போய்விடுவார். ஐவரும் நல்ல கத்தோலிக்கர். ஐவருக்கும் துக்கம் உண்மையானது. ஆனால் ஐவரும் ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கிறார்களா? இதையே இன்று உங்களோடு சேர்ந்து சற்று யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

பழைய ஏற்பாட்டிலே உரியாவின் கொலையை நீங்கள் அறிவீர்கள். அவனைக் கொன்றது யார்? கேள்வியை அம்மோனியரின் நகரத்து மதில்மேல் நின்ற வில்லாளனிடம் கேட்டால், அவன் தயங்காமல் “நான்தான்” என்பான். எதிரி தேசத்துப் போர்வீரனைக் கொன்றதில் அவனுக்குப் பெருமைகூட இருந்திருக்கும். ஆனால் உரியாவைப் போர் கடுமையான இடத்திலே நிறுத்தியவன் சேனாதிபதி யோவாபு. நிறுத்தச் சொல்லி எழுதியவன் தாவீது. அந்தக் கடிதத்தை எடுத்துச் சென்றவனோ, அதில் எழுதியிருந்ததை அறியாத உரியாவே! அம்பு எய்தவன் எல்லைக்கு அப்பால் இருந்தான். சதி செய்தவன் அரண்மனையில் இருந்தான். சம்மதித்தவன் இருவருக்கும் நடுவே இருந்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து விரலை நீட்டியது தாவீதை நோக்கி. அதற்காக யோவாபு நிரபராதியாகி விட்டானா? இல்லை. அம்மோனிய வில்லாளனின் அம்பு காற்றிலே கரைந்து போயிற்றா? அதுவும் இல்லை.

பொறுப்பு என்பது ஓர் அப்பத்தைப் பங்கிடுவது போன்றதன்று. அப்பத்திலே ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். பொறுப்பிலோ ஒருவர்மேல் முழுப்பழி விழுந்த பின்னும் மற்றவர்மேல் விழவேண்டியது அப்படியே இருக்கும். நாம் செய்யும் முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. “அரசாங்கம் தூங்கியது” என்று ஒருவர் சொன்னால், “அப்படியானால் குண்டு வைத்தவனை விட்டுவிடுகிறீரா?” என்று மற்றவர் சீறுகிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இனி நடந்ததைப் பார்ப்போம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 மணியளவிலிருந்து கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பிலே ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பெரி ஆகிய மூன்று ஹோட்டல்கள் என்று அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. பின்னர் தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் வெடித்தன. 260 க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் போய்வந்த குடும்பங்கள் வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனை! அந்தோனியாரிடம் போகிறவர்களிலே கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு, பௌத்தரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. அந்தக் கோவிலின் கதவு யாருக்கும் மூடியதில்லை. குண்டைச் சுமந்தவனும் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் வந்தான்.

குண்டைச் சுமந்தவர்கள் யாரென்பதிலே ஐயமில்லை. காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாசிமும் அவனைச் சூழ்ந்திருந்த கூட்டமும். சஹ்ரான் ஷங்ரி-லா ஹோட்டலிலே செத்தான். மூன்றாம் நாள், ஏப்ரல் 23 ஆம் திகதி, ஐ.எஸ். இயக்கம் தனது அமாக் செய்திப் பிரிவின் மூலம் “எமது போராளிகள் செய்தது” என்று உரிமை கோரியது. எட்டுப் பேர் சத்தியப் பிரமாணம் செய்யும் ஒளிப்பதிவும் வெளிவந்தது. முகம் தெரிந்தது சஹ்ரானுக்கு மட்டுமே. மற்றவர் முகத்தை மூடியிருந்தார்கள்.

“அவர்களே ஒப்புக்கொண்டு விட்டார்களே, இனி என்ன விசாரணை?” என்று கேட்கலாம். ஆனால் உரிமை கோருவது ஒப்புதல் வாக்குமூலமாகாது. குற்றவாளி ஒப்புக்கொள்ளும்போது தனக்கு நட்டம் வருமென்று அறிந்து ஒப்புக்கொள்கிறான். ஆகவே அவன் சொல்லுக்கு எடை உண்டு. உரிமை கோருகிறவனோ இலாபத்துக்காகக் கோருகிறான். ஐ.எஸ். இயக்கம் சிரியாவிலே தன் கையில் மிஞ்சியிருந்த கடைசி நிலத்தை 2019 மார்ச்சில் இழந்திருந்தது. “இன்னும் நாம் உயிரோடிருக்கிறோம்” என்று உலகுக்குக் காட்ட அதற்கு ஒரு பெரிய நெருப்புத் தேவைப்பட்டது. மறுபக்கம், அந்த ஒளிப்பதிவு தாக்குதலுக்கு முன்னரே எடுக்கப்பட்டது. கொலையாளிகள் அந்த இயக்கத்தின் பெயரால்தான் கொன்றார்கள் என்பதை அது காட்டுகிறது. பெயரால் செய்தார்கள் என்பது ஒன்று. கட்டளையால் செய்தார்கள் என்பது வேறொன்று. பணமும் பயிற்சியும் எங்கிருந்து வந்தன என்பது மூன்றாவது. அமெரிக்காவின் நீதித் திணைக்களம் 2021 ஜனவரியிலே மூன்று இலங்கையர்மீது, ஐ.எஸ். இயக்கத்துக்குப் பொருளுதவி செய்யச் சதி செய்தார்களென்று லொஸ் ஏஞ்சல்சில் வழக்குத் தொடுத்தது. நமது நாட்டிலே அதே ஆண்டில் 25 பேருக்கு எதிராக 23,270 குற்றச்சாட்டுகள் மேல் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. குற்றச்சாட்டு தீர்ப்பாகாது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது, ஏனெனில் நாம் தேநீர்க் கோப்பை ஆறுமுன் தீர்ப்புச் சொல்லிவிடும் சனம்.

அவசரத் தீர்ப்பு எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதற்கு அந்த நாட்களே சாட்சி. அதே ஏப்ரல் 23 இல் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, இது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல் படுகொலைக்குப் பழிவாங்கலென்று முதற்கட்ட விசாரணை காட்டுகிறது என்றார். கேட்டவர் பலர் நம்பினர். ஆனால் திகதிகளை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். கிறைஸ்ட்சேர்ச் கொலைகள் நடந்தது 2019 மார்ச் 15. இந்தக் கூட்டத்தார் மாவனெல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தது 2018 டிசெம்பர். புத்தளம் மாவட்டத்து வணாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்திலே பெருந்தொகை வெடிபொருள் அகப்பட்டது 2019 ஜனவரி. மார்ச்சில் நடந்த கொலைக்கு ஜனவரியிலேயே பழிவாங்க வெடிமருந்து சேர்ப்பார் உண்டோ? நியூசிலாந்துப் பிரதமரும் அத்தகைய உளவுத் தகவல் எதையும் தாம் காணவில்லை என்றே சொன்னார்.

இரண்டு நாள் கழிந்து பொலிசார் தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டார்கள். அதிலே ஒரு படம் அமெரிக்காவில் வாழும், இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு முஸ்லிம் மாணவியுடையது. அவருக்கும் இந்தப் பாதகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொலிசார் பின்னர் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குள் அந்தப் படம் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. தமிழராகிய நாம் இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 2018 நவம்பர் 30 ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவிலே காவலரணில் கடமையிலிருந்த இரண்டு பொலிசார் கொல்லப்பட்டனர். மாவீரர் நாள் கழிந்து மூன்றாம் நாள். உடனே விரல் எங்கே நீண்டிருக்குமென்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் கைதுசெய்யப்பட்டு மாதக்கணக்காக அடைத்து வைக்கப்பட்டார். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்த பின்னர்தான் அந்தப் பொலிசாரைக் கொன்றது சஹ்ரானின் கூட்டமென்று தெரியவந்தது. அந்த மனிதர் 2019 மே மாதத்தில் விடுதலையானார்.

பொய்யான விடை ஒரு நிரபராதியைச் சிறையிலே தள்ளியது. அது ஓர் அநீதி. ஆனால் அதே பொய்யான விடை உண்மைக் கொலையாளியைச் சுதந்திரமாக நடமாட விட்டது. வவுணதீவுக்கு அந்த டிசெம்பரிலேயே சரியான விடை கிடைத்திருந்தால், ஏப்ரலிலே நமது பிள்ளைகள் புது உடுப்போடு போய்ப் பூசை கண்டு வீடு திரும்பியிருப்பார்களோ? அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

எல்லை கடந்த கொலைக்கு விடை தேடும்போது நிகழும் இன்னொரு விபத்தையும் தமிழர் கதையிலிருந்தே எடுக்கலாம். 1991 மே 21 ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரிலே ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். திட்டம் இங்கிருந்து கடல் கடந்து போனது என்று விசாரணை நிறுவியது. 1998 ஜனவரியில் விசேட நீதிமன்றம் 26 பேருக்கு மரணதண்டனை விதித்தது. மறு ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஆராய்ந்தபோது நால்வருக்கே மரணதண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கியது. 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பத்தொன்பது பேர்! நால்வரில் ஒருவரான பேரறிவாளனுக்குக் கைதானபோது வயது 19. ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் இருந்த முக்கிய குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தமக்குத் தெரியாதென அவர் சொன்னதைத் தாம் பதியாமல் விட்டதாக, வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே ஓய்வு பெற்ற பின் 2013 இல் வெளியே சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 இல். மின்கலம் வாங்கியவனுக்கு அது எதற்கென்று தெரியுமா தெரியாதா என்ற ஒற்றைக் கேள்வியிலேதான் அவனது பொறுப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. நமது ஒழுக்கவியல் ஆசிரியர்கள், தீமைக்கு உடன்பட்டு உதவுவதும் அறியாமல் உதவுவதும் ஒன்றல்ல என்று நூற்றாண்டுகளாகப் பிரித்துக் காட்டியது இதற்காகத்தான். ஒரு வரியை எழுதாமல் விட்டதில் முப்பது ஆண்டு போயிற்று.

தனிமனிதருக்கு இப்படியென்றால், ஒரு கூட்டத்துக்கே பழி சுமத்தும்போது என்ன நடக்கும்? 2019 மே 13 ஆம் நாள் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்து ஊர்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தம் நாட்டிலே மதத்தின் பெயரால் துரத்தப்பட்டு நீர்கொழும்பிலே தஞ்சம் புகுந்திருந்த பாகிஸ்தான் அகமதியர்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்தக் கடைக்காரர்களில் எவராவது சஹ்ரானுக்குக் கட்டளை கொடுத்தாரா? இல்லை. சஹ்ரானின் போதனையைக் கண்டு அஞ்சி அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள்; அவர்களுடைய முறைப்பாடு கேட்பாரற்றுக் கிடந்தது.

நமக்கு இது புதிதா? 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலே 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பொறுப்பாளி யாரென்று கொழும்பிலே கும்பல்கள் தாமே தீர்மானித்தன. வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவரும், கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தவரும், திருநெல்வேலியைக் கண்ணாலும் காணாத கிழவியும் பொறுப்பாளிகளானார்கள். இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கும் வீடுகளிலே அந்த நாட்களில் அயலாரின் அறையில் ஒளிந்திருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அகதி முகாமின் தரையிலே படுத்தவர்கள் இருக்கிறார்கள். “நான் என்ன செய்தேன்?” என்று அன்று நாம் கேட்ட அதே கேள்வியை 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலே ஒரு துணிக்கடைக்காரர் கேட்டிருப்பார். அன்று நமக்குக் கதவு திறந்த சிங்களக் குடும்பங்களை இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறோம். மாபொலையில் நமக்குப் பக்கத்திலே வாழ்கிற முஸ்லிம் குடும்பம் நம்மை எப்படி நினைக்கும்? இதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன்.

இனி, தூங்கியவர்களின் கணக்கு. இந்தக் கணக்கிலே மட்டும் ஊகத்துக்கு இடமில்லை, ஏடுகள் பேசுகின்றன. தாக்குதல் நடக்கப் போகிறதென்று இந்தியாவிலிருந்து தகவல் வந்தது ஏப்ரல் 4. அதிலே சஹ்ரானின் பெயர் இருந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் இலக்காகலாம் என்றிருந்தது. ஏப்ரல் 9 இல் அது பொலிஸ் தலைமையகத்துக்குப் போயிற்று. ஏப்ரல் 11 இல் சில பிரிவுகளுக்குக் கடிதமாகச் சென்றது. முக்கியஸ்தர்களைக் காக்கும் பிரிவுகளுக்குத் தெரிந்தது. ஓர் அமைச்சரின் தந்தையாருக்குக்கூடக் காதில் விழுந்திருந்தது. ஆனால் கோவில்களுக்கு ஒரு சொல் வரவில்லை. ஞாயிறு காலை பாடற்குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள், மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கவேண்டும். அந்நாளைய பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவரும் ஆளுக்கு 7½ கோடி. பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி. தேசியப் புலனாய்வுத் தலைவர் 1 கோடி. இதற்கு ஓராண்டுக்கு முன், 2022 பெப்ரவரியில், அதே பொலிஸ் மா அதிபரையும் பாதுகாப்புச் செயலாளரையும் கொழும்பு மேல் நீதிமன்றம் விடுதலை செய்திருந்தது. “இதென்ன, ஒரு நீதிமன்றம் விடுகிறது, ஒன்று பிடிக்கிறதே!” என்று பலர் சலித்துக்கொண்டார்கள். முரண்பாடு என்று அவசரப்பட வேண்டாம். ஒரு மன்று, இவர்கள் குற்றவியற் சட்டத்தின்படி தண்டிக்கப்படத் தக்கவர்களா, அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதா என்று கேட்டது. மற்ற மன்று, குடிமக்களைக் காக்கும் கடமை இவர்களுக்கு இருந்ததா, அதைச் செய்தார்களா என்று கேட்டது. கேள்வி வேறு, அளவுகோல் வேறு. மூன்றாவது மன்று ஒன்றும் உண்டு. திருப்பலி தொடக்கத்திலே நாம் நெஞ்சில் அறைந்து சொல்லும் செபத்தில், சிந்தனை, சொல், செயல் மூன்றோடும் செய்யாமல் விட்டதையும் பாவமென்று எண்ணுகிறோமே, அந்த மன்று. அங்கே “எனக்கு அறிவிக்கவில்லை” என்ற வாதம் எவ்வளவு தூரம் எடுபடும்? அறிவிக்கப்படாமலிருக்கும்படி தன் இருக்கையை அமைத்துக்கொண்டவன், அந்த அறியாமைக்கும் பொறுப்பாளியே. பிலாத்து கைகழுவிய தண்ணீர் யாருடைய கட்டளையால் கொண்டுவரப்பட்டது?

ஆயினும் நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாமவர் இன்னும் வாசலிலே நிற்கிறார். “வென்றவன் யாரென்று பாருங்கள்” என்றவர். அவரைச் சிரித்து ஒதுக்கவும் கூடாது, அப்படியே நம்பவும் கூடாது. குண்டு வெடித்து ஒரு வாரத்துக்குள் கோட்டாபய ராஜபக்ஷ தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். பாதுகாப்பைப் பேசி நவம்பரிலே வென்றார். இது உண்மை. ஆனால் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர் சொன்னதை மறக்கலாமா? ஒரு தீமையால் பயனடைந்தவன் என்பது அவனை விசாரிக்கப் போதும். அவனைத் தண்டிக்கப் போதாது. 2023 செப்டெம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் ஒருவர் தோன்றி, இராணுவப் புலனாய்வின் உயர் அதிகாரி ஒருவர் 2018 இலே புத்தளத்தில் சஹ்ரான் கூட்டத்தாரைச் சந்தித்ததாகவும், அந்தச் சந்திப்பை ஒழுங்கு செய்தது தாமே என்றும் சொன்னார். அந்த அதிகாரி முற்றாக மறுத்தார். அக்காலத்தில் தாம் நாட்டிலேயே இல்லை என்றார். ஒருவர் சொல்கிறார், ஒருவர் மறுக்கிறார். இந்த இடத்திலே நமக்குத் துணைக்கு வரவேண்டியவன் தானியேல். சூசன்னாமேல் பழி சுமத்திய இரு முதியோரை அவன் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று தனித்தனியே கேட்டான். அவன் கூட்டத்தைத் தூண்டவில்லை, சபதம் போடவில்லை. மரத்தின் பெயரைக் கேட்டான். கடவுச்சீட்டிலே எந்தத் திகதி முத்திரை இருக்கிறது, தொலைபேசிப் பதிவு என்ன சொல்கிறது, எந்த வண்டி எந்த வீதியால் போயிற்று என்பவையே நமது காலத்து மரங்கள். குற்றம் சாட்டப்படுகிறவர்களின் கட்டளைக்கு அடங்காத ஒருவர் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பெறுமதி உண்டு. நமது பேராயர் மல்கம் கர்தினால் ரஞ்சித் ஆண்டகை பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருவதும் இதையே. பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஏப்ரலில் உரோமையிலே நமது மக்களைச் சந்தித்தபோது அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டதும் உண்மை வெளிப்பட வேண்டும் என்பதையே.

அடியிலிருப்பவனைக் கண்டு மேலிருப்பவனை மறப்பதும், மேலிருப்பவன்மேல் சந்தேகத்தால் ஒரு தேசத்தையே தண்டிப்பதும் உலகம் கண்ட விபரீதங்கள். 1914 ஜூன் 28 இல் சரயேவோவிலே ஒஸ்திரிய இளவரசரை ஒரு பொஸ்னிய இளைஞன் சுட்டான். ஒஸ்திரிய அரசு விசாரணைக்கு அனுப்பிய வீஸ்னர் என்ற அதிகாரி, சேர்பிய அரசாங்கத்துக்கு இதில் பங்கிருந்ததென்று காட்ட ஆதாரமில்லை என ஜூலை 13 இல் தந்தியடித்தார். ஜூலை 28 இல் ஒஸ்திரியா சேர்பியாமேல் போர் தொடுத்தது. சேர்பிய இராணுவ உளவுப் பகுதித் தலைவனே அந்தச் சதிக்குப் பின்னால் இருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. அரசாங்கம் அல்ல, அரசாங்கத்துக்குள் இருந்த ஒருவன். அந்த வேறுபாட்டைப் பொறுமையோடு தேடியிருந்தால் எத்தனை இலட்சம் பிள்ளைகள் அகழிகளிலே சாகாமல் இருந்திருப்பர்!

இங்கே நமது உள்ளத்தின் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். துக்கம் மலைபோல் இருக்கும்போது, காரணமும் மலைபோல் இருக்கவேண்டுமென்று மனம் கேட்கிறது. ஒரு சிறு வெறியர் கூட்டமும், பிரித்துப் படிக்கப்படாத ஒரு கடிதமும் சேர்ந்து என் பிள்ளையைக் கொன்றன என்பதைவிட, பெரிய சதியொன்று கொன்றது என்று நம்புவது தாயின் நெஞ்சுக்குச் சற்று ஆறுதல். அதிகாரத்திலிருப்போரின் மனமோ நேர்மாறானது. காரணத்தை முடிந்தவரை சிறிதாக்கி, செத்துப்போனவன்மேலே முழுவதையும் போட்டுவிட விரும்பும். நாம் நம்ப விரும்புவதையும் அவர்கள் நம்பவைக்க விரும்புவதையும் ஒரே கண்டிப்போடு சோதிக்காவிட்டால், விசாரணையென்பது வெறும் வாய்ப்பேச்சு.

“மன்னிக்கச் சொன்ன ஆண்டவரின் பிள்ளைகள், இத்தனை ஆண்டு கழிந்தும் யார் யார் என்று கேட்டுக்கொண்டிருப்பது முறையா?” என்று நம்மிடையே ஒரு குரல் எழுகிறது. நல்ல மனதோடுதான் எழுகிறது. இதற்கு விடையாக நான் 1981 மே 13 ஐ நினைக்கிறேன். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரை இராயப்பர் சதுக்கத்திலே துருக்கியனான அலி அக்கா சுட்டான். நான்காம் நாளே மருத்துவமனைக் கட்டிலிலிருந்து பாப்பரசர் அவனை மன்னித்தார். 1983 டிசெம்பர் 27 இல் சிறைக்கூடத்துக்கே சென்று அவனருகில் அமர்ந்து பேசினார். ஆனால் மன்னிப்பு விசாரணையை நிறுத்தவில்லை. அவனை அனுப்பியது யார் என்று இத்தாலிய நீதிமன்றங்கள் தேடிக்கொண்டே இருந்தன. பல்கேரியர் மூவர் குற்றஞ்சாட்டப்பட்டு, போதிய சாட்சியமின்றி 1986 இல் விடுதலையானார்கள். அக்கா தன் கதையை எத்தனையோ தடவை மாற்றினான். 2002 இல் பல்கேரியாவுக்குப் போன பாப்பரசர், அந்த நாட்டுக்கு இதில் தொடர்பென்று தாம் ஒருபோதும் நம்பியதில்லை என்றார். சுடப்பட்டவரே, சந்தேகத்தின் நிழலிலே நின்ற ஒரு மக்களுக்காகப் பேசினார். மன்னிப்பு, உண்மை, நிரபராதியின் நற்பெயர் மூன்றும் ஒரே மனிதரிடத்தில் முட்டிமோதாமல் இருந்தன. நாம்தான் அவற்றைச் சண்டைக்கு விடுகிறோம்.

உபாகமத்தின் இருபத்தோராம் அதிகாரத்திலே ஒரு வழமை சொல்லப்பட்டிருக்கிறது. வயல்வெளியிலே ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது மூப்பர்களும் நீதிபதிகளும் வெளியே வந்து, பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு எவ்வளவு தூரமென்று அளக்கவேண்டும். எந்த ஊர் கிட்ட இருக்கிறதோ, அந்த ஊர் மூப்பர்கள் பகிரங்கமாக வந்து நின்று, இந்த இரத்தத்தை எங்கள் கைகள் சிந்தவில்லை, எங்கள் கண்கள் காணவுமில்லை என்று கடவுள் முன்னிலையில் சொல்லவேண்டும். கொன்றவன் தெரியாததால் விடயத்தை மூடிவிட அந்தச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. கிட்ட இருந்தவன் வந்து தன் வாயால் பேசவேண்டும்.

கொச்சிக்கடையிலிருந்து கோட்டைக்கு, பொலிஸ் தலைமையகமும் அரசின் பெரிய காரியாலயங்களும் இருக்கும் இடத்துக்கு, நீங்கள் நடந்தே போயிருப்பீர்கள். முச்சக்கர வண்டியில் என்றால் சில நிமிடம்.

கட்டுவாப்பிட்டியிலே இரத்தத் துளிகள் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஏப்ரலிலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். 2019 இல் பிறக்காத பிள்ளைகள் இப்போது கேள்வி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். “அப்பா, யார் செய்தது?” என்று கேட்பார்கள். குண்டைச் சுமந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள். எச்சரிக்கையைக் கையில் வைத்திருந்தும் காக்காமல் விட்டவர்கள் யாரென்று நீதிமன்றம் சொன்னதைச் சொல்லுங்கள். அவர்களுக்கும் மேலே யாராவது இருந்தார்களா என்று கேட்டால், அதைத்தான் மகனே நாங்கள் வீதியில் நின்று கேட்டோம் என்று சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் மினுவாங்கொடைப் பக்கம் போக நேர்ந்தால், அங்கே அந்த மே மாதத்தில் என்ன நடந்ததென்பதையும் சொல்லுங்கள்.